பிரிட்டன்ல ரோடு ஏன் இவ்ளோ குழியா இருக்கு, தனியார்கிட்ட குடுத்தா சரியாகிடுமா?

கேள்வி கேட்டவர் லெஸ்டர் பக்கம் குடியிருக்கார். கார் டாக்ஸ் வருஷத்துக்கு 195 பவுண்டு, பெட்ரோல் போட்டா அதுல பாதிக்கு மேல வரி, கவுன்சில் டாக்ஸ் தனி, இவ்ளோ கட்டியும் தெருவுல குழி தாண்டாம ஆஃபீஸ் போக முடியல, டயர் போச்சு, கவுன்சில்ல நஷ்டஈடு கேட்டா முடியாதுன்னு லெட்டர் வந்துச்சுன்னு எழுதிருக்கார். கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் ரோட்டையெல்லாம் தனியாருக்கு குடுத்துட்டா ஒரே வருஷத்துல சரியாகிடும்னு சொல்றாராம், இன்னொருத்தர் ரயிலை வித்து பட்ட பாடு போதாதான்னு கேக்கறாராம். இதுல எது சரின்னு கேட்டிருக்கார்.

நான் இந்த ஊர்ல ரோடு பராமரிப்பு துறையில ரொம்ப வருஷமா வேலை பாக்கறேன், கவுன்சில் பக்கமும் இருந்திருக்கேன், கான்ட்ராக்டர் பக்கமும் இருந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். முதல்லயே என் கருத்தை சொல்லிடறேன். ரோடு யார் கையில இருக்குங்கறது இங்க ரெண்டாவது கேள்விதான். பராமரிப்புக்கு நிலையான காசு வருஷா வருஷம் வருதா, அந்த ரோட்டைப் பத்தின விவரம் யார்கிட்ட இருக்கு, இந்த ரெண்டும் சரியா இருந்தா அரசாங்கம் பாத்தாலும் நல்லா இருக்கும் தனியார் பாத்தாலும் நல்லா இருக்கும், ரெண்டும் இல்லைன்னா யார் பாத்தாலும் குழிதான்.

முதல்ல காசு. நீங்க கட்ற கார் டாக்ஸுக்கும் உங்க தெருவுக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. ஒரு காலத்துல இருந்துச்சு. 1909 பட்ஜெட்ல அப்போ நிதி அமைச்சரா இருந்த லாய்ட் ஜார்ஜ் கார் மேலயும் பெட்ரோல் மேலயும் வரி போட்டப்போ இந்த காசு ரோட்டுக்கு மட்டும்தான்னு சொல்லித்தான் போட்டார், 1920ல அதுக்குன்னு தனி நிதியே வந்துச்சு. ஆனா காசு குவிஞ்சு கிடக்கறதைப் பாத்தா எந்த நிதி அமைச்சர் சும்மா இருப்பார், 1926ல சர்ச்சில் நிதி அமைச்சரா இருந்தப்போ அதுல கை வெச்சார், 1937லேர்ந்து கார் வரி நேரா அரசு கஜானாவுக்கே போக ஆரம்பிச்சுது, 1955ல பேருக்கு இருந்த அந்த நிதியையும் மூடிட்டாங்க. அதுக்கப்புறம் 2015ல நிதி அமைச்சரா இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் மறுபடி கார் டாக்ஸை ரோட்டுக்கே ஒதுக்கறேன்னு சொன்னார், அந்த கணக்குலயும் பெரும்பகுதி மோட்டார்வேக்கும் பெரிய ஏ ரோடுகளுக்கும்தான் போச்சு, உங்க தெருவுக்கு இல்ல.

இப்ப கணக்கைப் பாருங்க. பெட்ரோல் டீசல் மேல லிட்டருக்கு 57.95 பென்ஸா இருந்த வரியை 2011லேர்ந்து ஏத்தவே இல்ல, 2022 மார்ச்ல இன்னும் 5 பென்ஸ் குறைச்சு 52.95 ஆக்கினாங்க, அதுக்கு மேல வேட்ங்கற விற்பனை வரி 20 சதவீதம். இந்த எரிபொருள் வரியில மட்டும் வருஷத்துக்கு சுமார் 24 பில்லியன் பவுண்டு வருது, கார் டாக்ஸ்ல சுமார் 8 பில்லியன். சரி, இங்கிலாந்து முழுக்க கவுன்சில் ரோடுகளை பராமரிக்க மத்திய அரசு 2025-26க்கு குடுத்தது எவ்ளோ தெரியுமா, 1.6 பில்லியன். அதுவும் முந்தின வருஷத்தை விட 500 மில்லியன் கூட்டிக் குடுத்ததுக்கு அப்புறம்தான் 1.6. வண்டி ஓட்டறவங்க கட்ற வரியெல்லாம் ரோட்டுக்கே போகணும்னு நான் சொல்லல, ஆஸ்பத்திரியும் ஸ்கூலும் நடக்கணும், புகையாலயும் விபத்தாலயும் வர்ற செலவும் இருக்கு. ஆனா இவ்ளோ கட்றோமே எங்க போகுதுன்னு நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில், பொது கஜானாவுக்குப் போகுது.

அடுத்தது, மோட்டார்வேல போறப்போ வழவழன்னு இருக்கு, ஸ்லிப் ரோட்ல இறங்கி ஊருக்குள்ள வந்தவுடனே ஆட்டம் போடுதே ஏன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ரெண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைங்க. இங்கிலாந்துல சுமார் 4,300 மைல் மோட்டார்வே, முக்கியமான ஏ ரோடு எல்லாம் நேஷனல் ஹைவேஸ்ங்கற அரசு கம்பெனி கையில இருக்கு. மொத்த ரோடு நீளத்துல இது ரெண்டு மூணு சதவீதம்தான், ஆனா மொத்த டிராஃபிக்ல மூணுல ஒரு பங்கு இதுல ஓடுது. 2015ல இதை அரசு துறையிலேர்ந்து தனி கம்பெனியா மாத்தினப்போ ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, அஞ்சு வருஷத்துக்கு இவ்ளோ காசுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க. நடுவுல வெட்டு விழாமலும் இல்ல, இருந்தாலும் அஞ்சு வருஷ திட்டம்னு ஒண்ணு கையில இருந்தா மெஷின், ஆள், குவாரி, தார் பிளான்ட் எல்லாத்தையும் முன்கூட்டியே புக் பண்ணலாம், விலையும் குறையும். மிச்சம் இருக்கற தொண்ணூத்தேழு சதவீத ரோடும் கவுன்சில் தலையில. அவங்களுக்கு பல வருஷமா காசு வந்தது வருஷத்துக்கு வருஷம், சில நேரம் பட்ஜெட் பேச்சுல திடீர்னு ஒரு அறிவிப்பு, மார்ச் மாசத்துக்குள்ள செலவு பண்ணி முடிக்கணும்னு நிபந்தனை. பிப்ரவரி மழையில தார் போடற கேங்கை நீங்க பாத்திருப்பீங்க. அந்த சீசன்ல போட்டா ஒட்டாதுன்னு போடறவங்களுக்கும் தெரியும், போடச் சொல்றவங்களுக்கும் தெரியும், நிதியாண்டு முடியுதேங்கறதுக்காக போடறாங்க. இதை பல தடவை கிட்ட நின்னு பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து மூணும் தனித்தனி அரசு, தனித்தனி கணக்கு, அதனால நான் இங்க சொல்ற எண்ணிக்கை பெரும்பாலும் இங்கிலாந்துக்குத்தான்.

குழி எப்படி வருதுன்னு தெரிஞ்சாத்தான் காசு எப்படி வீணாகுதுன்னு புரியும். தார் ரோட்டு மேல்பரப்புக்கு வயசாக ஆக அதுல இருக்கற பிட்டுமன்ங்கற கறுப்பு பசை காஞ்சு முறுமுறுன்னு ஆகும், தலைமுடி மாதிரி மெல்லிசா விரிசல் விடும். அதுல தண்ணி இறங்கும். குளிர்ல அந்த தண்ணி உறைஞ்சா ஒம்பது சதவீதம் விரியும், விரிசலை இன்னும் பிளக்கும், பகல்ல உருகும், ராத்திரி மறுபடி உறையும். அதுக்கு மேல லாரி ஏறினா முடிஞ்சுது. ஒரு ஆக்ஸில் மேல இருக்கற எடை ரெண்டு மடங்கானா சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும், பத்து மடங்கானா பத்தாயிரம் மடங்குன்னு இஞ்சினியர்கள் வெச்சிருக்கற கணக்கு ஒண்ணு உண்டு, அதனால கார்ல நீங்க போறதால ரோட்டுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, 44 டன் லாரியும் குப்பை லாரியும் பஸ்ஸும்தான் அதை உடைக்குது. இதோட கேஸ்காரன் தண்ணிக்காரன் பிராட்பேண்ட்காரன் எல்லாரும் வந்து தோண்டறாங்க, 1991 சட்டப்படி அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு, தோண்டினதை தரமா மூடணும்னு பொறுப்பும் இருக்கு, ஆனா நல்ல ரோட்டுல ஒரு வெட்டு விழுந்துட்டா எவ்ளோ நல்லா மூடினாலும் அந்த ஓரம் பலவீனம்தான், தண்ணி அது வழியா இறங்கும். வடிகால் மூடி அடைச்சுக்கிட்டு இலையும் சேறுமா கிடந்தா கேக்கவே வேணாம். கல்லி, அதாவது ரோட்டோர வடிகால் குழி, அதைச் சுத்தம் பண்ற வேலைதான் பட்ஜெட் வெட்டுல முதல்ல போறது, ரோடு கெடறதுக்கு முதல் காரணமும் அதுதான்.

விரிசல் விடற அந்த நேரத்துல மேல சூடா பிட்டுமன் ஸ்ப்ரே பண்ணி பொடி ஜல்லி தூவி ரோலர் விட்டா, அதை சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங்னு சொல்வாங்க, இன்னும் பத்து வருஷம் ரோடு தாங்கும். ரொம்ப மலிவான வேலை. சொத்தை பல்லை ஆரம்பத்துல அடைச்சா போச்சு, விட்டா வேர் வரைக்கும் போகும்ங்கற கதைதான். அந்த பத்து வருஷத்தை தவறவிட்டா கீழ் அடுக்கு வரைக்கும் தண்ணி போய் மொத்தமா பெயர்த்துப் போடணும், செலவு பல மடங்கு. ஆனா அரசியல்ல பிரச்சனை என்னன்னா, பாக்கறதுக்கு நல்லா இருக்கற ரோட்டுல போய் ஜல்லி தூவினா ஜனங்க திட்றாங்க, எங்க தெரு குழியை விட்டுட்டு நல்ல ரோட்டுல ஏன் காசைக் கொட்றீங்கன்னு. கவுன்சிலருக்கு போன் வருது. அதனால காசு வர்றப்போ மோசமான ரோட்டுக்கே போகுது, நல்ல ரோடு வரிசையா மோசமாகிட்டே வருது. தார் தொழில் கூட்டமைப்பு வருஷா வருஷம் கவுன்சில்களைக் கேட்டு ஒரு சர்வே போடறாங்க. 2025 கணக்குப்படி இங்கிலாந்து, வேல்ஸ் கவுன்சில் ரோடுகளை ஒரே தடவையா சரி பண்ண 16.81 பில்லியன் பவுண்டு வேணும், இப்ப இருக்கற வேகத்துல ஒரு ரோட்டுக்கு மேல்பரப்பு முழுசா புதுசா போட சராசரியா 93 வருஷம் ஆகும். தார் விக்கறவங்க சொல்ற கணக்குதானேன்னு நீங்க சந்தேகப்படலாம், நியாயம்தான், ஆனா எண்ணிக்கை குடுக்கறது கவுன்சில் இஞ்சினியர்கள், கிட்ட இருந்து பாக்கறவன்கிற முறையில எனக்கு அது மிகையா தெரியல.

உங்க டயர் விஷயத்துக்கு வர்றேன், இது நிறைய பேருக்கு உபயோகப்படும். 1980 ஹைவேஸ் ஆக்ட்ல 41வது பிரிவு ரோட்டை பராமரிக்கற கடமை கவுன்சிலுக்கு இருக்குன்னு சொல்லுது. அதே சட்டத்துல 58வது பிரிவு, நாங்க நியாயமான அளவுக்கு இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டுத்தான் இருந்தோம், எங்களுக்கு தெரிய வந்த குழியை உரிய நேரத்துல மூடினோம்னு காட்டிட்டா தப்பிச்சுக்கலாம்னு வழி குடுக்குது. உங்களுக்கு வந்த லெட்டர் பெரும்பாலும் அதைத்தான் சொல்லிருக்கும். இன்ஸ்பெக்டர் வர்றார், குழி எவ்ளோ ஆழம்னு அளக்கறார், பல கவுன்சில்ல 40 மில்லிமீட்டர்ங்கறதுதான் எல்லை, 45 இருக்கறதைச் சுத்தி ஸ்ப்ரே பெயின்ட்ல கட்டம் போடறார், பக்கத்துலயே 30 இருக்கறதை விட்டுட்டுப் போறார். ரெண்டு நாள்ல ஒரு வேன் வருது, கட்டம் போட்டதை மட்டும் மூடிட்டு போகுது, பக்கத்து குழி அப்படியே இருக்கு, பாக்கறவங்களுக்கு பைத்தியக்காரத்தனமா தெரியுது. அந்த ஆளைக் குறை சொல்லாதீங்க, அவர்கிட்ட இருக்கற வேலை சீட்டுல அந்த ஒரு குழிதான் இருக்கு, கூட ஒண்ணு மூடினா அதுக்கு பணம் வராது. அதனால டயர் போனா முதல்ல பண்ண வேண்டியது, பாதுகாப்பான இடமா இருந்தா ஸ்கேலோ காசோ வெச்சு ஆழம் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, அதுக்கப்புறம் அந்த ரோட்டை கடைசியா எப்ப இன்ஸ்பெக்ஷன் பண்ணீங்க, இந்த குழியைப் பத்தி முன்னாடி யாராவது புகார் குடுத்திருக்காங்களான்னு தகவல் அறியும் சட்டத்துல கேளுங்க. ரோடு புகார் போடற ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் வெப்சைட்ல பாத்தாலும் பழைய புகார் தெரியும். நீங்க விழறதுக்கு முன்னாடியே ஒருத்தர் புகார் குடுத்து அவங்க சொன்ன கெடுவும் தாண்டியிருந்தா 58வது பிரிவை வெச்சு தப்பிக்கறது கஷ்டம். டயர் போகாட்டியும் குழியைப் பாத்தா புகார் போடுங்க, அடுத்து வர்ற பைக் ஓட்டறவருக்கு அது உதவும்.

இதெல்லாம் கவுன்சில் சோம்பேறித்தனம்னு மட்டும் நினைக்காதீங்க. அரசு குடுக்கற ரோடு மானியத்தை ரோட்டுக்கே செலவு பண்ணணும்னு கட்டாயம் இருந்ததில்ல, வயசானவங்க பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் சட்டப்படி பண்ணியே ஆகணும், அதோட செலவு ஏறிக்கிட்டே போகுது, மிச்சம் இருக்கறதுலதான் ரோடு, லைப்ரரி, பார்க் எல்லாம். 2023 செப்டம்பர்ல பர்மிங்ஹாம் கவுன்சிலே கையை விரிச்சுதே, நாட்டுலயே பெரிய கவுன்சில் அது. கட்சிக்காரங்க எல்லாரும் குழி நிதின்னு அறிவிக்கறாங்க. 2023 அக்டோபர்ல ரிஷி சுனக் எச்எஸ்2 ரயிலோட வடக்குப் பகுதியை ரத்து பண்ணிட்டு அந்த காசுல 8.3 பில்லியன் ரோட்டுக்குன்னு சொன்னார், பெரிய தொகையா தெரியுது, ஆனா அது 11 வருஷத்துக்கு. லேபர் கட்சி வந்து வருஷத்துக்கு கூடுதலா பத்து லட்சம் குழி மூடறோம்னு வாக்கு குடுத்தாங்க. குழியை எண்ணறதையே நான் வெறுக்கறேன். மழையில அவசரமா மூடின குழி மூணு மாசத்துல மறுபடி திறந்தா, மறுபடி மூடினா, அது ரெண்டு குழி மூடின கணக்கு, எண்ணிக்கை ஏறும், ரோடு அதேதான். ஆனா இந்த அரசு ரெண்டு காரியம் உருப்படியா பண்ணிருக்கு. ஒண்ணு, 2025ல கூட்டிக் குடுத்த காசுல கால் பங்கை நிறுத்தி வெச்சு, எவ்ளோ முன்தடுப்புக்கு செலவு பண்றீங்க எவ்ளோ குழிக்கு செலவு பண்றீங்கன்னு பொதுவுல ரிப்போர்ட் போட்டாத்தான் குடுப்போம்னு சொன்னாங்க. ரெண்டாவது, 2025 நவம்பர் பட்ஜெட்ல நாலு வருஷத்துக்கு சேத்து 7.3 பில்லியன்னு உறுதி குடுத்தாங்க. தொகை போதாது, நிலுவையே 17 பில்லியன்கிட்ட இருக்கு. ஆனா நாலு வருஷம்ங்கறதுதான் எனக்கு முக்கியம், கவுன்சில் இஞ்சினியர் அடுத்த கோடைக்கும் அதுக்கு அடுத்த கோடைக்கும் சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங் பிளான் போடலாம்.

இப்ப தனியார்மயம். இதுல ஜனங்க நாலு வேற வேற விஷயத்தை ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. வேலையை கான்ட்ராக்ட் விடறது ஒண்ணு, அது ஏற்கெனவே பெரும்பாலான இடத்துல நடக்குது, உங்க தெருவுக்கு வர்ற வேன்ல கவுன்சில் முத்திரை இருந்தாலும் சம்பளம் குடுக்கறது பல ஊர்ல தனியார் கம்பெனிதான். டோல் ரோடு ஒண்ணு. தனியார் கடன் வாங்கி கட்டி 25, 30 வருஷம் பராமரிச்சு அரசுகிட்ட வருஷா வருஷம் பணம் வாங்கற பிஎஃப்ஐ ஒண்ணு. ரோட்டையே விக்கறது ஒண்ணு, 2012 மார்ச்ல பிரதமரா இருந்த டேவிட் கேமரன் வெளிநாட்டு முதலீட்டு நிதிகளும் பென்ஷன் நிதிகளும் ரோட்டுல முதலீடு பண்ணணும்னு பேசினார், பெரிய விவாதம் ஆச்சு, கடைசில மோட்டார்வே விக்கல.

டோல் இந்த நாட்டுக்கு புதுசு இல்ல. 1663லேர்ந்தே பார்லிமென்ட் சட்டம் போட்டு கேட் வெச்சு வசூல் பண்ணாங்க, 1830கள்ல இப்படி வசூல் பண்ணி ரோட்டைப் பாத்துக்கற டிரஸ்ட் ஆயிரம் பக்கம் இருந்துச்சு, மெக்காடம்ங்கறவர் தன்னோட ரோடு போடற முறையை நிரூபிச்சுக் காட்டினது பிரிஸ்டல் டிரஸ்ட்லதான், அதனால டோல்ல நல்லதே நடக்கலன்னு சொல்ல முடியாது. ஆனா ரயில் வந்ததும் வருமானம் படுத்துச்சு, வேல்ஸ்ல 1839லேர்ந்து 1843 வரைக்கும் விவசாயிங்க பொம்பளை வேஷம் கட்டிக்கிட்டு கேட்டையெல்லாம் உடைச்சாங்க, 1895ல கடைசி டிரஸ்ட்டும் போச்சு. இந்த காலத்து உதாரணம் பர்மிங்ஹாம் பக்கம் எம்6 மோட்டார்வேக்கு மாத்து வழியா இருக்கற எம்6 டோல், 2003 டிசம்பர்ல திறந்தாங்க, 27 மைல், அரசு காசு போடல, 2054 வரைக்கும் கம்பெனிதான் கட்டணம் நிர்ணயிக்கும். போய்ப் பாருங்க, அருமையான ரோடு. ஆனா கட்டணம் ஏற ஏற லாரிக்காரங்க ஏறவே மாட்டேங்கறாங்க, பழைய எம்6லயே நெரிஞ்சுக்கிட்டு போறாங்க, லாரி குறைவா ஓடினா ரோடு நல்லா இருக்கறதுல என்ன ஆச்சரியம். பர்மிங்ஹாம் நெரிசலைக் குறைக்கணும்னு கட்டின ரோடு, குறைக்கணும்னு நினைச்ச அளவுக்கு குறைக்கல.

ஸ்கை தீவு பாலம் இன்னும் கசப்பான கதை. 1995ல தனியார் பணத்துல கட்டினாங்க, தீவுல குடியிருக்கறவங்க வீட்டுக்குப் போக ஒவ்வொரு தடவையும் கட்டணம், கடைசில ஒரு வழிக்கு 5 பவுண்டுக்கு மேல ஆச்சு, கட்ட மாட்டோம்னு சொன்னவங்க மேல கேஸ் போட்டாங்க, 2004 டிசம்பர்ல ஸ்காட்லாந்து அரசு 27 மில்லியன் குடுத்து வாங்கி இலவசமாக்குச்சு. லண்டன் பக்கம் தேம்ஸ் நதியைத் தாண்டற டார்ட்ஃபோர்ட் வேற மாதிரி, 1991ல கட்டின ராணி எலிசபெத் பாலத்துக்கு கடன் தீர்ந்ததும் டோல் நிக்கும்னு சொன்னாங்க, கடனும் தீர்ந்துச்சு, 2003லேர்ந்து அதையே நெரிசல் கட்டணமா தொடர்ந்தாங்க, இப்ப 3.50 பவுண்டு. அதை வசூல் பண்றது அரசுதான். அதனால டோல்னா தனியார்தான்னு நினைக்க வேண்டாம்.

எல்லாத்துலயும் நமக்கு நேரடியா பாடம் இருக்கறது பர்மிங்ஹாம்லயும் ஷெஃபீல்ட்லயும், ஏன்னா அங்க தெருவையே மொத்தமா ஒரு கம்பெனிகிட்ட குடுத்தாங்க. பர்மிங்ஹாம்ல 2010ல ஏமி கம்பெனியோட 25 வருஷத்துக்கு 2.7 பில்லியன் ஒப்பந்தம். முதல் அஞ்சு வருஷத்துல எல்லா ரோட்டையும் ஒரு தரத்துக்கு கொண்டு வரணும், மிச்ச இருபது வருஷம் அந்த தரத்துல வெச்சிருக்கணும். ஐடியா நல்ல ஐடியா, 25 வருஷம் பொறுப்பு நம்ம தலையிலன்னா முதல்லயே நல்லா போடுவாங்கன்னு. பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, ஒப்பந்தம் போடறப்போ ரோடுகளோட நிலைமையைப் பத்தி இருந்த தகவல் பல இடத்துல தப்பு, நேர்ல போய் பாத்தா ரோடு அதை விட மோசம். 2014லேர்ந்து கம்பெனி ஆரம்பத்துல குடுத்த பட்டியல்படிதான் நாங்க பண்ணுவோம்னு நின்னுச்சு. கவுன்சில் இல்ல, உண்மையான நிலைமைப்படி பண்ணணும்னு சொல்லுச்சு. கீழ் கோர்ட்ல கம்பெனி ஜெயிச்சுது, 2018 பிப்ரவரியில அப்பீல் கோர்ட்ல கவுன்சில் ஜெயிச்சுது, ஒப்பந்தத்தோட மொத்த நோக்கத்தைப் பாத்து நடந்துக்கணும், எழுத்துல இருக்கற ஓட்டையைப் பிடிச்சுக்கிட்டு தொங்கக்கூடாதுங்கறதுதான் தீர்ப்போட சாரம். 2019ல 215 மில்லியன் குடுத்துட்டு கம்பெனி வெளிய போச்சு. வக்கீல்கள் சண்டை போட்ட அத்தனை வருஷமும் பர்மிங்ஹாம்காரங்க ஓட்டினது அதே ரோட்டுலதான்.

ஷெஃபீல்ட்ல 2012ல அதே கம்பெனியோட 25 வருஷ ஒப்பந்தம், 2 பில்லியனுக்கு மேல. அங்க ரோடு நல்லா போட்டாங்க, அதை மறுக்க முடியாது. ஆனா ஒப்பந்தத்துல 17,500 தெரு மரத்தை மாத்தறதுன்னு ஒரு எண்ணிக்கை இருந்துச்சு, நடைபாதையை வேர் தூக்குதுன்னு காரணம். ஆரோக்கியமான மரத்தையும் வெட்டினாங்க, 5,000க்கு மேல. 2016 நவம்பர் 17 விடியக்காலை அஞ்சு மணிக்கு ரஸ்ட்லிங்ஸ் ரோட்டுல போலீஸோட வந்து கதவைத் தட்டி காரை நகர்த்துங்கன்னு சொல்லி இருட்டுல மரத்தை வெட்டினாங்க, தடுக்கப் போன எழுபது வயசைத் தாண்டின ரெண்டு அம்மாக்களை கைது பண்ணாங்க. 2023ல மார்க் லோகாக் விசாரணை அறிக்கை வந்துச்சு, கவுன்சில் ஜனங்களையும் கோர்ட்டையும் தப்பா வழிநடத்துச்சுன்னு சொல்லுச்சு, கவுன்சில் மன்னிப்பு கேட்டுச்சு. எனக்கு இதுல கோபம் வர்றது கம்பெனி மேல மட்டும் இல்ல. ஊர் ஜனங்க ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டிய கவுன்சில், ஒப்பந்தத்தோட முழு விவரத்தையும் வருஷக்கணக்கா மறைச்சு வெச்சுது. 25 வருஷத்துக்கு எழுதிட்டா நடுவுல ஜனங்க மனசு மாறினாலும் மாத்த இடமே இல்லாம போயிடுது. பிஎஃப்ஐ ஒப்பந்தம் புதுசா போடறதை 2018ல நிதி அமைச்சரா இருந்த பிலிப் ஹேமண்ட் நிறுத்தினார், ஏற்கெனவே போட்டது ஐல் ஆஃப் வைட் மாதிரி இடங்கள்ல ஓடிக்கிட்டு இருக்கு.

ரயில் பத்தி உங்க நண்பர் சொன்னதும் இதோட சேர்ந்ததுதான். 1990கள்ல ரயிலை துண்டு துண்டா வித்தப்போ தண்டவாளம் ரெயில்டிராக் கம்பெனிக்கு போச்சு, அவங்க பராமரிப்பை கான்ட்ராக்டர்களுக்கு குடுத்தாங்க. 2000 அக்டோபர்ல ஹேட்ஃபீல்ட்ல தண்டவாளம் சுக்குநூறாகி நாலு பேர் செத்தாங்க. அந்த தண்டவாளத்துல விரிசல் இருக்குன்னு முன்னாடியே தெரியும், மாத்தறதுக்கு புது தண்டவாளமும் பக்கத்துல கொண்டு வந்து போட்டிருந்தாங்க, மாத்தத்தான் இல்ல. நாடு முழுக்க எங்கெல்லாம் இப்படி விரிசல் இருக்குன்னு கம்பெனிகிட்ட ஒழுங்கான பட்டியல் இல்ல, அதனால எல்லா இடத்துலயும் வேகத்தைக் குறைக்க வேண்டியதா போச்சு, அடுத்த வருஷமே கம்பெனி திவால். பர்மிங்ஹாம் பட்டியல் பிரச்சனையும் இதுவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. இப்ப ரயில் ஓட்டற கம்பெனிகளை ஒவ்வொண்ணா அரசு எடுத்துக்குது, 2025 மே மாசம் சவுத் வெஸ்டர்ன்ல ஆரம்பிச்சாங்க. அரசு எடுத்துட்டா மட்டும் தானா சரியாகாது. 2024ல தேசிய தணிக்கை அலுவலகமே கவுன்சில் ரோடுகளோட நிலைமையைப் பத்தி போக்குவரத்து துறைகிட்ட போதுமான தகவல் இல்லன்னு எழுதிருக்கு, அதுங்க முழுக்க அரசு கையில இருக்கற ரோடுதான்.

இனிமே வரப்போற சண்டை இன்னும் பெருசு. எலக்ட்ரிக் கார் கூடக் கூட அந்த 24 பில்லியன் எரிபொருள் வரி கரைஞ்சுடும். 2025 ஏப்ரல்லேர்ந்து எலக்ட்ரிக் காருக்கும் கார் டாக்ஸ் வந்துடுச்சு, 2028 ஏப்ரல்லேர்ந்து எலக்ட்ரிக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ்னு 2025 நவம்பர்ல அப்போ நிதி அமைச்சரா இருந்த ரேச்சல் ரீவ்ஸ் அறிவிச்சாங்க. இதே மாதிரி ஓட்டற தூரத்துக்கு கட்டணம்னு 2007ல பேசினப்போ 17 லட்சம் பேருக்கு மேல எதிர்த்து கையெழுத்து போட்டாங்க, 2008ல மான்செஸ்டர்ல நெரிசல் கட்டணத்துக்கு ஓட்டெடுப்பு வெச்சா 79 சதவீதம் வேணாம்னு சொன்னாங்க. ஜனங்க வேணாம்னு சொல்றது காசு கொடுக்க மனசில்லாம மட்டும் இல்ல, கொடுத்தா எங்க போகும்னு நம்பிக்கை இல்ல, 1926லேர்ந்து நடந்ததைப் பாத்தா நம்பிக்கை எப்படி வரும். லண்டன்ல கன்ஜெஷன் சார்ஜ் 2003லேர்ந்து நிலைச்சு நிக்கறதுக்கு ஒரு காரணம், அந்த வருமானத்தை போக்குவரத்துக்குத்தான் செலவு பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. நாட்டிங்ஹாம்ல 2012லேர்ந்து ஆஃபீஸ் பார்க்கிங்குக்கு கட்டணம் வாங்கி அதுல டிராம் பாதையை நீட்டினாங்க, கண்ணுக்கு முன்னாடி டிராம் ஓடுது. மைலுக்கு 3 பென்ஸ் வர்றதுக்குள்ள அதுல ஒரு பங்கு உள்ளூர் ரோடு பராமரிப்புக்குன்னு சட்டத்துல எழுத வெக்கணும்ங்கறதுதான் என் ஆசை, எழுதாம விட்டா இன்னொரு தடவை கஜானாவுக்குப் போயிடும்.

தனியார் பணமும் மறுபடி கதவைத் தட்டுது. கென்ட்டையும் எசெக்ஸையும் இணைக்கற லோயர் தேம்ஸ் கிராஸிங் சுரங்கத்துக்கு 2025 மார்ச்ல அனுமதி குடுத்தாங்க, அதுக்கு தனியார் முதலீட்டை கொண்டு வரப் போறதா அரசு சொல்லிருக்கு. புதுசா ஒரு சுரங்கம், ஒரு பாலம், எல்லை தெளிவா இருக்கு, வருமானம் தெளிவா இருக்கு, அந்த மாதிரி இடத்துல தனியார் பணம் வர்றதை நான் எதிர்க்கல, கட்டணம் யார் நிர்ணயிப்பாங்க, எப்ப முடியும்ங்கறதை மட்டும் முன்னாடியே பாக்கணும். ஆயிரக்கணக்கான தெரு, மரம், நடைபாதை, வடிகால், தெருவிளக்குன்னு இருக்கற ஒரு ஊரை 25 வருஷத்துக்கு எழுதிக் குடுக்கறதைத்தான் எதிர்க்கறேன். உங்க கூட வேலை பாக்கறவர்கிட்ட பர்மிங்ஹாம் கதையைச் சொல்லுங்க, அவர் எங்க இருந்து வர்றார்னு புரியுது, ஆனா ஒரே வருஷத்துல சரியாகற விஷயம் இது இல்ல.

நீங்க கையோட பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. உங்க ரோட்டைப் பாக்கறது சிட்டி கவுன்சிலா கவுன்டி கவுன்சிலான்னு முதல்ல பாத்துக்கோங்க, லெஸ்டர் பக்கம் ரெண்டும் தனித்தனி. அவங்க வெப்சைட்ல ரோடு பராமரிப்பு ரிப்போர்ட் போட்டிருப்பாங்க, அதுல முன்தடுப்பு வேலைக்கு எத்தனை சதவீதம், குழி மூடறதுக்கு எத்தனை சதவீதம்னு இருக்கும். அதோட கல்லி சுத்தம் பண்றது வருஷத்துக்கு எத்தனை தடவைன்னு கேளுங்க. அடுத்த கவுன்சில் தேர்தலுக்கு யாராவது வாசல்ல வந்து நின்னா, எத்தனை குழி மூடினீங்கன்னு கேக்காம இந்த மூணு விவரத்தை கேளுங்க, முடிஞ்சா அதை எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.